ஓடைக்கல்லில் கத்தி தீட்டுவது: மதுரைப் பக்கம் எந்தக் கல் சரிப்படும்?

வைகைவடகரை

எல்லோருக்கும் வணக்கம். செல்லூரில் இருக்கிறேன். மூன்று மாதமாகக் கண்ணில் பட்ட கல்லையெல்லாம் எடுத்து வந்து கத்தி தீட்டிப் பார்க்கிறேன். தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், தெரியாததைக் கேட்கிறேன்.

இது ஆரம்பித்த கதை இதுதான். அம்மாவிடம் பட்டறையில் அடித்த ஒரு காய்கறிக் கத்தி இருக்கிறது. இருபது வருஷப் பழக்கம். துடைக்காமல் வைத்தால் துருப்பிடிக்கும், ஆனால் வெட்டு அப்படி இருக்கும். அது மழுங்கிவிட்டது என்று தெருவில் வந்த ஒருவரிடம் சாணை பிடிக்கக் கொடுத்தேன். சக்கரத்தில் தண்ணீர் விடாமல் அழுத்திப் பிடித்தார். பொறி பறந்தது. கையில் வாங்கியபோது நுனியிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு நீலம் பூத்திருந்தது. இரண்டு நாள் நன்றாக வெட்டியது. மூன்றாம் நாள் தக்காளித் தோலில் வழுக்கியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கத்தியைத் துடைத்து மேல்தட்டில் வைத்துவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. இனிமேல் இந்தக் கத்தியை நானே, கையாலேயே தீட்டுவது என்று முடிவு செய்தேன்.

இதுவரை பார்த்த கற்கள்:

மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த கிரானைட் துண்டு. கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, கீறல் கீறலாகிவிட்டது. வெள்ளையாக இருக்கும் வெங்கச்சங்கல்லில் கத்தி வழுக்கிக்கொண்டே போனது, கல்லும் தேயவில்லை, கத்தியும் தேயவில்லை. சுக்கான்கல்லில் கல்தான் மாவாக உதிர்ந்தது. செங்கல் பரவாயில்லை, துரு போனது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அப்புறம் ஆண்டிப்பட்டிப் பக்கம் மாமா தோட்டத்து ஓடையில் ஒரு கல் கிடைத்தது. உள்ளங்கை அளவு, நீளவாக்கில் கொஞ்சம் தட்டை. காய்ந்திருந்தால் சாம்பல் நிறம், நனைத்தால் கரும்பச்சை. கன்னத்தில் வைத்துத் தேய்த்தால் முட்டை ஓட்டை உரசுவது மாதிரி இருந்தது. மொட்டை மாடி சிமெண்டுத் தளத்தில் மணலும் தண்ணீரும் போட்டு நான்கு சாயங்காலம் தேய்த்து, மேல்பக்கம் கீழ்ப்பக்கம் இரண்டையும் சமமாக்கினேன். பிறகு அதன்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கத்தியைப் பத்துத் தடவை இழுத்தேன். தண்ணீர் மெல்லக் கருத்தது. சாம்பல் கரைத்த நீர் மாதிரி, பிறகு மை மாதிரி. அது கத்தியிலிருந்து வந்த இரும்பு. அந்தக் கறுப்பைப் பார்த்தபோதுதான் இந்தக் கல் வேலை செய்கிறது என்று நம்பினேன்.

இப்போது கத்தி நன்றாக வெட்டுகிறது. என் கேள்விகள் இரண்டு. ஒன்று, இதைவிட மென்மையாக முடித்துக் கொடுக்கும் கல் நம் பக்கம் எது? இரண்டு, இதே கல்லில் அரிவாள்மனை தீட்ட முடியவில்லை. அது ஏன்?

மேலூர்வாசி

தம்பி, கிரானைட் ஏன் ஏமாற்றியது என்று நான் சொல்கிறேன். பதினெட்டு வருஷம் கல் அறுக்கிற இடத்தில் வேலை பார்த்தவன்.

கிரானைட் ஒரே பொருள் கிடையாது. பளிங்கு மாதிரி மின்னுவது குவார்ட்ஸ், வெள்ளையாகவோ ரோஸ் நிறத்திலோ இருப்பது ஃபெல்ட்ஸ்பார், கறுப்பாகத் தகடு தகடாக இருப்பது மைக்கா. கல்லின் கெட்டியைச் சொல்லும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6, மைக்கா மூன்றைத் தாண்டாது. தீட்டத் தீட்ட மைக்கா பெயர்ந்து அந்த இடம் குழியாகும், குவார்ட்ஸ் மேடாக நிற்கும். அந்த மேடு கத்தி வாயில் உழவு ஓட்டும். நீங்கள் பார்த்த கீறல் அதுதான். கல் கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது, ஒரே சீராக இருக்க வேண்டும்.

ஆனால் கிரானைட்டை வீட்டை விட்டு விரட்டவும் வேண்டாம். பாலீஷ் போட்ட பலகைத் துண்டு கிரானைட் கடைகளில் ஓரம் வெட்டியது கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். உங்கள் மாடித் தளத்தைவிட அது பல மடங்கு சமம். மற்ற கல்லைச் சமமாக்க அதன்மேல் தேயுங்கள். மணலுக்குப் பதில் கார்பரண்டம் என்ற கெட்டித் தேய்ப்புப் பொடி, சொரசொரப்பான 80 நம்பரில் ஆரம்பித்து மெலிதான 220 வரை. நான்கு சாயங்கால வேலை ஒரு மணி நேரத்தில் முடியும்.

ஒன்று மட்டும் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லை எப்போதும் ஈரத்தோடு தேயுங்கள். காய்ந்த கல்லைத் தேய்த்தால் எழும் தூசு கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் வருகிற நுரையீரல் நோய்தான் சிலிகோசிஸ், வந்தால் திரும்புகிற நோய் இல்லை. என்னோடு வேலை பார்த்தவர்கள் மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒரு கல்லைத் தேய்க்கத்தானே என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும்.

பாறைப்பாடம்

மண்ணியல் படித்து, பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். வைகைவடகரையின் முதல் கேள்விக்கு என் பங்கு.

உலகத்தில் பேர் பெற்ற தீட்டுக்கற்களைப் பாருங்கள். பெரும்பாலும் கடலடியிலோ ஏரியடியிலோ படிந்த மென்சேறு இறுகியது, இல்லையென்றால் அது லேசாக அழுத்தம் பட்டு சிலேட்டானது. துகள் மாவு மாதிரி இருக்கும், அதனால் கீறலும் மெலிதாக விழும். மதுரையைச் சுற்றி இருக்கும் பாறை நேர்எதிர். இது 20 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், 800 டிகிரிக்கு மேலான சூட்டில் வெந்து மேலே வந்த பாறை. அந்தச் சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். பாகு முற்றினால் கற்கண்டு கட்டுகிற மாதிரி என்று வகுப்பில் சொல்வேன். ஆனைமலையையோ திருப்பரங்குன்றத்தையோ பக்கத்தில் நின்று பாருங்கள், துகளை வெறும் கண்ணால் எண்ணலாம். எங்கள் படிப்பில் இந்தப் பாறை வகைகளை நைஸ் என்போம், சார்னகைட் என்போம். சார்னகைட் என்ற பெயரே கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து வந்தது. அந்தக் கல் நம் தமிழ்நாட்டுப் பாறை வகை.

ஆக, மதுரை மலைகளில் மென்துகள் தீட்டுக்கல்லைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். கிடைக்கக்கூடிய இடங்கள் வேறு. பாறை வெடிப்புக்குள் புகுந்து சீக்கிரம் ஆறிய கறுப்புக் கல் சில இடங்களில் நாடா மாதிரி ஓடும். சீக்கிரம் ஆறியதால் துகள் சிறிது. அது உடைந்து ஓடையில் உருண்டு வரும். உங்கள் ஆண்டிப்பட்டிக் கல் விவரித்த விதத்தைப் பார்த்தால் அந்த இனமாக இருக்கலாம். இன்னொன்று, சிவகங்கைப் பக்கம் போனால் மணற்பாறை உண்டு. துகள் சீராக இருக்கும் துண்டு கிடைத்தால் முதல் தீட்டுக்கு, அதாவது ரொம்ப மழுங்கியதைச் சீர் செய்ய, நல்லது.

மதுரை நகரத்துக்குள் வைகையில் தேடி அலைய வேண்டாம். மணலும் சேறும்தான். 1959இல் வைகை அணை வந்த பிறகு வருசநாட்டு மலையிலிருந்து உருண்டு வருகிற கல் அணையிலேயே நின்றுவிடுகிறது. அணைக்குக் கீழே சேரும் சிற்றோடைகளைப் பாருங்கள்.

கல்லைச் சோதிக்க வீட்டிலேயே மூன்று வழி போதும். பழைய கண்ணாடிப் பாட்டிலில் கீறிப் பாருங்கள், கண்ணாடி கீறுபட்டால் கல்லில் கெட்டித் துகள் இருக்கிறது. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இனம், வைத்துவிடுங்கள். உங்கள் சுக்கான்கல் அப்படிப்பட்டது. மூன்றாவது, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காத்திருங்கள். உடனே குடித்துவிட்டால் துகளுக்கு இடையில் இடைவெளி அதிகம். சொட்டு அப்படியே நின்றால் கல் இறுக்கம்.

புதுஅடுப்பு

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாமா? தவறாக நினைக்க வேண்டாம். ஹார்டுவேர் கடையில் இரண்டு பக்கமும் உள்ள கார்பரண்டம் கல் வாங்கினால் வேலை முடிந்ததே.

வைகைவடகரை

தவறாக ஒன்றும் நினைக்கவில்லை. நியாயமான கேள்வி. என்னிடமும் ஒன்று இருக்கிறது, ரொம்ப மழுங்கினால் அதில்தான் ஆரம்பிக்கிறேன். கார்பரண்டம் 1891இல் எட்வர்ட் அச்சிசன் என்பவர் மின் உலையில் கண்டுபிடித்தது. குவார்ட்ஸைவிடக் கெட்டி, வேகமாகத் தேய்க்கும், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த வேகம்தான் அம்மா கத்திக்கு எனக்குப் பயமாக இருக்கிறது. ஏற்கெனவே சாணையில் ஒரு நூல் அகலம் போய்விட்டது. ஓடைக்கல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கும். வாரம் ஒருமுறை இருபது இழுப்பு போதும், கத்தி குறைவதே தெரியாது. இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கல்லை எடுத்த ஓடையில் சின்ன வயதில் குளித்திருக்கிறேன். இப்போது அது எங்கள் அடுப்படியில் இருக்கிறது. எனக்கு அது போதுமான காரணம்.

அடுப்படி

தம்பி, நான் ஆரப்பாளையம். கல் தேடி ஆண்டிப்பட்டி வரை போனது சரி, வீட்டுக்குள்ளேயே பார்த்தீர்களா?

எங்கள் மாமியார் காலத்து அம்மி இருக்கிறது. மேல்பக்கம் கொத்தியது, சொரசொரப்பு. ஆனால் பக்கவாட்டில் ஒரு இடம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக, லேசான பள்ளமாக இருக்கும். மூன்று தலைமுறை அங்கேதான் அரிவாள்மனையையும் கத்தியையும் உரசியிருக்கிறது. அது வெறும் கருங்கல்தான், ஆனால் உரசி உரசி துகள் மழுங்கிவிட்டதால் இப்போது கீறுவதில்லை, மினுக்குகிறது. மேலூர்வாசி அண்ணன் சொன்ன கணக்கு புதுக் கல்லுக்குப் பொருந்தும், பழகிய கல்லுக்கு வேறு கணக்கு.

அதைவிட முக்கியமானது சிலேட்டு. நாங்கள் படித்த காலத்தில் கல் சிலேட்டு, மரச்சட்டம் போட்டது. ஆந்திராவில் மார்க்காபூர் பக்கம் வெட்டி வந்தது. பரணில் ஒன்று கிடந்தது, மூலை உடைந்தது. ஐயா சிலேட்டு இனம் நல்லது என்று சொன்னதைப் படித்ததும் எடுத்துக் கழுவினேன். காய்கறிக் கத்தியை முதலில் அம்மியில் உரசி, பிறகு சிலேட்டில் தண்ணீர் விட்டு முப்பது தடவை மெதுவாக இழுத்தேன். கருவேப்பிலையை ஒன்றாகச் சுருட்டி அரிந்தேன். நசுங்கி ஓரம் கறுக்கவே இல்லை, நூல் நூலாக விழுந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

தகரச் சிலேட்டு, பிளாஸ்டிக் சிலேட்டு எடுத்துவிடாதீர்கள். தட்டினால் கணீர் என்று கல் சத்தம் வர வேண்டும்.

அப்புறம் அவசரத்துக்கு ஒன்று. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பூச்சு இல்லாத வளையம் இருக்கும். அதில் ஐந்தாறு தடவை இழுத்தாலே அன்றைய சமையலுக்கு ஓடும்.

பாறைப்பாடம்

அம்மா, சிலேட்டு யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. எவ்வளவு வருஷம் சிலேட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிலேட்டைப் பற்றியே பாடம் நடத்தியிருக்கிறேன்! மென்துகள் குவார்ட்ஸும் மைக்காவும் அடுக்கடுக்காகப் படிந்தது. மெதுவாகத்தான் தேய்க்கும், ஆனால் கடைசி மெருகுக்கு மிகச் சரியான கல். வைகைவடகரையின் முதல் கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன்.

சமையல் மேடையில் போடும் கடப்பாக் கல்லைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பார்க்க அதேமாதிரி கறுப்பு, ஆனால் சுண்ணாம்புக்கல். கத்தியே அதைக் கீறிவிடும்.

கத்திப்பெட்டி

கத்தி சேகரிக்கும் பழக்கம் உள்ளவன், வில்லாபுரம். எந்தக் கத்திக்கு இந்தக் கற்கள் ஒத்துவரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டு இயற்கைக் கற்கள் மூன்று வகை கைப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவின் ஆர்க்கன்சா கல் முழுக்க நுண்துகள் குவார்ட்ஸ். பெல்ஜியத்தின் மஞ்சள் கல்லில் வெட்டுவது கார்னெட் துகள். ஜப்பானில் கியோட்டோவைச் சுற்றி வெட்டிய கற்கள் ரொம்ப மென்மை. கார்னெட் நம் பாறையிலும் நிறைய இருக்கிறது, சிவப்புப் புள்ளியாகத் தெரியுமே, அதுதான். ஆனால் நம் ஊரில் மிளகு அளவு, அங்கே மாவு அளவு. வித்தியாசம் அவ்வளவுதான், அதில்தான் எல்லாம் இருக்கிறது.

பட்டறையில் அடித்த கத்தி, சாதாரண எவர்சில்வர் சமையல் கத்தி இரண்டுக்கும் ஓடைக்கல் தாராளமாகப் போதும். ஆனால் வனேடியம் என்ற உலோகம் அதிகம் கலந்த விலை உயர்ந்த கத்தியை இதில் தீட்டாதீர்கள். அந்த இரும்புக்குள் இருக்கும் வனேடியம் கார்பைடு துகள் குவார்ட்ஸைவிடக் கெட்டி. கல் சுற்றியுள்ள இரும்பை மட்டும் தேய்க்கும், கார்பைடை விட்டுவிடும். மணிக்கணக்கில் உரசினாலும் கூர் வராது. அதற்கு வைரத்தூள் தகடுதான்.

புதுஅடுப்பு

சரி, நானும் பரணில் சிலேட்டுத் தேடப் போகிறேன். ஒரு சந்தேகம். கத்தியை எவ்வளவு சாய்த்துப் பிடிப்பது? எனக்கு ஒவ்வொரு இழுப்புக்கும் கை மாறுகிறது.

வைகைவடகரை

எனக்கும் முதலில் அதுதான் பிரச்சினை. பாகையை மனதில் வைத்தால் கை கேட்காது, உயரத்தை வைத்துக்கொள்ளுங்கள். கத்தியின் அகலம் 4 சென்டிமீட்டர் என்றால், முதுகு கல்லிலிருந்து 1 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் ஏறக்குறைய 15 பாகை. 1.4 சென்டிமீட்டர் என்றால் 20 பாகை. என் சுண்டுவிரல் இரண்டுக்கும் நடுவில் வருகிறது. கத்தி முதுகுக்கும் கல்லுக்கும் நடுவில் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்துவிட்டு, விரலை எடுத்துவிட்டு இழுக்கிறேன். பத்து இழுப்புக்கு ஒருமுறை திரும்ப அளந்துகொள்வேன்.

ஒரு பக்கமே இழுத்துக்கொண்டிருந்தால் மறுபக்கம் இரும்பு மெல்லிய பிசிறாகக் கிளம்பும். கட்டைவிரலை வாய்க்குக் குறுக்காக, முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவினால் நகத்தில் மாட்டுகிற மாதிரி தெரியும். வாய் நீளத்துக்குத் தடவக் கூடாது, கை போய்விடும். பிசிறு அடியிலிருந்து நுனிவரை வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். அது வராமல் மாற்றினால் எத்தனை மணி நேரம் தீட்டினாலும் கூர் நிற்காது. கடைசியில் அழுத்தமே இல்லாமல், கத்தியின் எடை மட்டும் படுகிற மாதிரி மாற்றி மாற்றி ஐந்து இழுப்பு. அப்புறம் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் பின்னோக்கி இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும்.

பனங்காடு

சாயல்குடிப் பக்கம் பிறந்தவன், இப்போது அவனியாபுரத்தில். வெங்கச்சங்கல் பிரயோஜனம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கல்லாகப் பார்த்தால் அப்படித்தான். பொடியாகப் பாருங்கள்.

எங்கள் அப்பா பனையேறி. பாளை அருவாளுக்கு அவர் கல் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு நீளப் பலகை, அதில் வெள்ளைக்கல்லை நுணுக்கிய பொடியைத் தூவி, அருவாளைப் படுக்க வைத்துச் சரக் சரக் என்று இழுப்பார். விடியற்காலை நாங்கள் முழிப்பதே அந்தச் சத்தத்தில்தான். பாளையைச் சீவும்போது தாள் கனத்தில் சீவ வேண்டும். வாய் கொஞ்சம் மழுங்கினாலும் பாளை நசுங்கும், பதநீர் நின்றுவிடும். ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறினாலும் கூர் அப்படியே இருக்க வேண்டும். அவ்வளவு கூரும் அந்த வெள்ளைப் பொடியும் பலகையும் கொடுத்ததுதான். பலகை கொஞ்சம் இளகும் என்பதால் பொடி அதில் பதிந்து உட்காரும், துகள் ஆழமாகக் கீறாது.

பொடிக்கும்போது மேலூர் அண்ணன் சொன்னதை மறக்காதீர்கள். கல்லை ஈரத் துணியில் சுற்றி வைத்துத் தட்டுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீரில் கலக்கி, கனமான குருணை அடியில் தங்கியதும் மேலே கலங்கலாக நிற்பதை வேறு பாத்திரத்தில் ஊற்றித் தெளியவிட்டால் மாவு தனியாகக் கிடைக்கும்.

வைகைவடகரை

இது எனக்குப் பெரிய பாடம். இந்த வாரமே வேப்பம்பலகையில் செய்து பார்க்கிறேன்.

ஒரு விஷயம் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டுக் கீழக்குயில்குடி சமணர் மலையிலோ ஆனைமலையிலோ அரிட்டாபட்டியிலோ போய்க் கல் உடைக்க வேண்டாம். அங்கே இருப்பது இரண்டாயிரம் வருஷத்துக் கற்படுக்கைகள், தமிழி என்ற பழைய தமிழ் எழுத்துகள், பிற்காலச் சிற்பங்கள். அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. அழகர்மலை காப்புக்காடு. அங்கிருந்து எடுப்பது குற்றம். சொந்தத் தோட்டம், தெரிந்தவர் கிணறு வெட்டிப் போட்ட கல், கிரானைட் கடை ஓரத் துண்டு, வீட்டுப் பரண், இவையே போதும்.

பட்டறைவீடு

திருப்பாச்சேத்தி. அருவாள் பட்டறை வீட்டுப் பிள்ளை. தாமதமாக வந்தாலும் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று பார்க்கிறேன்.

வைகைவடகரை, உங்கள் கல்லில் ஒரு குற்றமும் இல்லை. நீங்கள் சமமாக்கினீர்களே, அதுதான் காரணம்.

சமமான கல் என்பது நேர் வாய்க் கத்திக்கும் உளிக்கும் ஆனது. நம் ஆயுதங்களைப் பாருங்கள். அரிவாள்மனையின் வாய் உள்பக்கமாக வளைந்தது. அருவாளுக்கும் வாய் உள்வளைவில்தான். உள்வளைவை ஒரு சமமான பலகையில் வைத்தால் இரண்டு ஓரம்தான் தொடும், நடுவாய் அந்தரத்தில் நிற்கும். எவ்வளவு இழுத்தாலும் நடுவில் கூர் ஏறாது. அதற்குக் கல் உருண்டையாக இருக்க வேண்டும். கத்தி கல்லிடம் போகக் கூடாது, கல் கத்தியிடம் வர வேண்டும்.

எங்கள் பட்டறையில் லாரிப் பட்டையை அடித்து, தோய்ச்சல் போட்டு (காய்ச்சி முக்கிக் கெட்டியாக்கி), அரம் போட்ட பிறகு, தாத்தா கையில் ஒரு கூழாங்கல் எடுப்பார். கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. அருவாளை முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, கல்லை எச்சில் தொட்டு உள்வளைவோடு வளைத்து வளைத்துத் தேய்ப்பார். இப்போது கிரைண்டர் வந்துவிட்டது, அந்தக் கல் இன்னும் பட்டறை மாடக்குழியில் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் அருவாள் வளைவுக்கே தேய்ந்து போயிருக்கும்.

கதிர் அருவாளை மட்டும் இப்படித் தீட்டக் கூடாது. அதில் பல் இருக்கிறது. உளியால் கருக்கு வெட்டித்தான் புதுப்பிக்க முடியும், கல்லில் தேய்த்தால் பல் போய்விடும்.

உங்கள் கத்தி நுனியில் நீலம் பூத்தது என்று எழுதியிருந்தீர்கள். ஏறக்குறைய 300 டிகிரி சூடு ஏறினால்தான் அந்த நிறம் வரும். அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது, இரும்பு இளகிவிட்டது. வாயில் மட்டும் லேசாக இருந்தால் தீட்டத் தீட்ட நல்ல இரும்பு வந்துவிடும். ஆழமாக இறங்கியிருந்தால் கொண்டு வாருங்கள், திரும்பத் தோய்ச்சல் போட்டுப் பார்ப்போம்.

வைகைவடகரை

அண்ணே, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓடை எத்தனையோ காலம் உருட்டிக் கொடுத்த வளைவை நான்கு சாயங்காலத்தில் தேய்த்து எடுத்துவிட்டேனே என்று வருத்தமாக இருந்தது. இனி வேறு கல் தேட வேண்டுமா?

பட்டறைவீடு

மேலும் கீழும்தானே சமமாக்கினீர்கள். ஓரம்?

வைகைவடகரை

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

ஓரம் அப்படியே இருக்கிறது. நான் அதைத் தொடவே இல்லை. கட்டைவிரல் மாதிரி உருண்ட ஓரம், அதே முட்டை ஓட்டு மென்மை.

அரிவாள்மனையைச் சுவரோடு சேர்த்து வைத்து, பலகையைக் காலால் மிதித்துக்கொண்டேன். கல்லைத் தண்ணீரில் முக்கி, ஓரத்தை வாயின் அடியில் வைத்து மேலே மூக்குவரை வளைவோடு கொண்டு போனேன். விரல் எப்போதும் வாய்க்குப் பின்பக்கம் இருக்கிற மாதிரி பிடித்தேன். முதல் ஐந்து தடவை சத்தம் விட்டு விட்டு வந்தது, கீச், கீச் என்று. நடுவாயில் பழைய மழுங்கல் இருந்த இடம். இருபது தடவைக்குப் பிறகு சத்தம் ஒரே சீராகிவிட்டது. கல் ஓரத்தில் கறுப்புக் கோடு விழுந்தது, நடுவாயிலிருந்தும்தான். இதுவரை அங்கேயிருந்து ஒரு துளி கறுப்பு வந்ததில்லை. இடது பக்கம் நாற்பது, வலது பக்கம் நாற்பது, பிறகு அடுப்படி அக்கா சொன்ன மாதிரி சிலேட்டு. அது தட்டையாயிற்றே என்று யோசித்து, உடைந்த மூலையை மணலில் உருட்டித் தேய்த்து, அந்த மூலையை வைத்து முடித்தேன்.

அம்மா வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு மடலை அரிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த மடலை எடுத்தார். அப்புறம் எழுந்து போய் மேல்தட்டிலிருந்து பழைய கத்தியை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். "இதுக்கு நுனியில இன்னும் கொஞ்சம் பாரு" என்றார்.

நீலம் இன்னும் ஒரு அரிசி அகலம் மிச்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திருப்பாச்சேத்திக்குக் கொண்டு வருகிறேன் அண்ணே. கல்லையும் எடுத்து வருகிறேன், தாத்தாவின் கல்லோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

பட்டறைவீடு

வாங்க தம்பி. காலையிலேயே வந்துவிடுங்கள், உலை பத்து மணிக்கு மூட்டுவோம்.